கூட்டினால் ஒன்று

எனக்கு இரவுப் பணி காலை ஆறு மணிக்கு முடியும். ஐந்து நாற்பதுக்கு, அஞ்சலாட்சி என்ற பெண் மனுஷி இல்லை என்று எந்திரம் சொன்னது.

கடலூரில் ஒரு பெரிய மருத்துவமனை. தரைத்தளத்தில், மருந்துக் கவுன்ட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ‘எண் குறைதீர் மையம்’ என்று பலகை. உள்ளே இருப்பவன் நான். பெயர் தனகோட்டி, வயது ஐம்பது. கணக்குப் பட்டப்படிப்பை இரண்டாம் ஆண்டில் விட்டவன். ரேகை தேய்ந்தவர், எண்ணை மறந்தவர், செத்தவர் எண்ணில் மருந்து வாங்க வந்தவர் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. இருபது வருடமாக இரவுப் பணியைக் கேட்டு வாங்குகிறேன். இரவில் ஆட்கள் குறைவு, கேள்விகளும் குறைவு.

கூண்டின் முன் நின்ற பெண் பச்சை அறுவை உடுப்பில் இருந்தாள். காலில் செருப்பு இல்லை. பின்னால் அவள் கணவன் சிவபிரகாசம், டவுன் பஸ் ஓட்டுநர், காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல்.

“சார், மேல எந்திரத்துல செவப்பா காட்டுதாம். கீழ போயி சரி பண்ணிட்டு வரச் சொன்னாங்க. பதினோரு மணிக்கு ஆபரேஷன்” என்றாள்.

“யாருக்கு?”

“பாப்பாவுக்கு. பொறந்து பதினெட்டு நாளு. ஈரல் வேலை செய்யல. என் ஈரல்ல ஒரு துண்டு வெட்டி வெக்கப் போறாங்க. மதியம் தாண்டினா வேஸ்ட்டுன்னு எஸ்தர் டாக்டரு சொல்லிட்டாங்க.”

“அப்பாவோடது?”

சிவபிரகாசம் வயிற்றைத் தடவினான். “கொழுப்பு ஈரலாம் சார். ஆகாதுன்னுட்டாங்க.”

அவள் விரலை வைத்தாள். திரையில் வந்தது: பகா எண் அன்று. தனிநபர் அல்லர். இணை எண். உறுப்பினர் இருவரின் ஒப்புதல் தேவை.

நான் மறுபடி வைக்கச் சொன்னேன். அதே வரி. இருபது வருடத்தில் நான் பார்க்காத வரி.

முறை எளிதானதுதான். ஆளுக்கு ஒரு பகா எண், நூறு இலக்கத்துக்குக் குறையாமல். ஒன்றாலும் தன்னாலும் தவிர எதனாலும் வகுபடாதது. பிரிக்க முடியாதது என்பதால்தான் அதை ஆளுக்குக் கொடுத்தார்கள். கல்யாணம் ஆனால் இருவர் எண்ணையும் பெருக்கி ஓர் இணை எண். கூட்டுத் தொழில் என்றாலும் அப்படியே. எந்த எண் வந்தாலும் எந்திரம் முதலில் ஒன்றைத்தான் கேட்கும்: இது உடையுமா, உடையாதா? உடையாது என்றால் ஆள். உடையும் என்றால் கூட்டம். கூட்டத்துக்குத் தனிக் கையெழுத்து கிடையாது. உள்ளே இருக்கிற அத்தனை பேரும் போட வேண்டும்.

பகல் பணிக்கு ஜுலைகா உள்ளே வந்தாள். பரங்கிப்பேட்டைப் பெண், என்னில் பாதி வயது, வாய் இரண்டு மடங்கு.

“என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. இன்னிக்கும் பல்லு வெளக்கலியா?” என்றவள் திரையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாள். “நேத்து வரைக்கும் இந்த எண்ணுல பேங்கு, ரேஷன், பிரசவம் எல்லாம் ஓடியிருக்கே!”

“நேத்து சாயந்தரம்தான் இங்க சோதனைய மாத்தினாங்க. முன்னாடி ரெண்டு சாட்சி. இப்ப நாப்பது.”

“சாட்சியா?” என்றான் சிவபிரகாசம். “இது என்னா சார் கோர்ட்டா?”

“தொண்ணூத்தொண்ணு எதாலயாவது வகுபடுமா, சொல்லுங்க.”

அவன் விரலை மடக்கினான். “ரெண்டால போவாது. மூணால போவாது. அஞ்சும் இல்ல. போவாது சார்.”

“ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு” என்றாள் ஜுலைகா.

“அட, ஆமா!”

“சின்ன எண்ணுக்கே இந்தக் கதி” என்றேன். “இவங்க எண்ணு முந்நூத்து ரெண்டு இலக்கம். வகுத்துப் பாத்து முடியாது. அதனால வேற ஒரு எண்ணைச் சாட்சிக்குக் கூப்பிடுவோம். அதை இத்தனை தடவை தன்னோடயே பெருக்கி, மீதி என்னா வருதுன்னு பாத்தா, எதிர்ல நிக்கறது பகா எண்ணான்னு அது சொல்லும். மூணைக் கூப்பிட்டா தொண்ணூத்தொண்ணு நல்ல பிள்ளைன்னு பொய் சொல்லும். ரெண்டைக் கூப்பிட்டா போட்டு ஒடைச்சிடும். ஒண்ணு ரெண்டு சாட்சி பொய் சொல்லலாம். நாப்பது பேரும் சேந்து பொய் சொல்ல மாட்டாங்க.”

“அப்ப ரெண்டு பொய் சாட்சிய வெச்சிக்கிட்டா இவ இருபத்தொம்போது வருஷம் ஓட்டியிருக்கா?” என்றான் சிவபிரகாசம்.

“எனக்கு அதெல்லாம் புரிய வேணாம்” என்றாள் அஞ்சலாட்சி. “நான் இங்க நிக்கறேன்ல? வேணும்னா கிள்ளிப் பாருங்க. ஒரு ஆளா, ரெண்டு ஆளா?”

ஜுலைகா மேலே டாக்டரை அழைத்தாள். எஸ்தர் கத்தியது கூண்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்டது.

“தானம் குடுக்கறவங்க ஒப்புதல் ஏறலன்னா என் கத்தி பெட்டிய விட்டு வெளிய வராதும்மா! எந்திரம் பூட்டி வெச்சிருக்கு. உறுப்பு வியாபாரத்தத் தடுக்கறாங்களாம். பாப்பாவுக்கு நேரமில்ல. எதையாவது பண்ணுங்க!”

“புது எண் போட்டுடலாமா?” என்றேன். கேட்கும்போதே பதில் தெரியும்.

“புது எண்ணு போட்டா புது ஆளு. புது ஆளு பாப்பாவுக்கு அம்மா இல்ல. அம்மா இல்லாத ஆளு ஈரல் குடுத்தா விசாரணை, எழுவத்திரண்டு மணி நேரம்.” ஜுலைகா விரல்விட்டு எண்ணினாள். “இந்த எண்ண ஒடைச்சு உள்ள இருக்கற ரெண்டையும் கண்டுபிடிக்கணும். சாட்சிங்க ‘இது தனி ஆள் இல்ல’ன்னு மட்டும்தான் சொல்லும். உள்ள யாரு யாருன்னு சொல்லாது. சென்னையில பெரிய எந்திரம் ஒடைச்சுத் தரும். அதுக்கு வரிசை மூணு வாரம்.”

“மூணு வாரமா!” அஞ்சலாட்சி கண்ணாடியை ஓங்கித் தட்டினாள். “பாப்பாகிட்டப் போயி நீங்களே சொல்லுங்க!”

நான் அவளுடைய பதிவுத் தாளைத் திரையில் இழுத்தேன். பிறந்து நாற்பதாம் நாள் எண் கொடுக்கப்பட்டிருக்கிறது. இடம்: குறிஞ்சிப்பாடி வெள்ள நிவாரண முகாம். மேசை: மூன்று.

மேசை எண்ணை இன்னொரு முறை படித்தேன்.

“உங்க எண்ணோட கூட்டுத்தொகை என்னம்மா?”

“ஒண்ணு” என்றாள், யோசிக்காமல். “சூரிய எண்ணு. எங்கப்பா முகாம்ல நாலு எண்ணைத் திருப்பிக் குடுத்துட்டாராம். அஞ்சாவதாத்தான் இதை வாங்கினாராம். ஏன் சார்?”

நம் ஊரில் யாருக்கும் எட்டில் முடிகிற எண் கிடைக்காது. இரட்டைப்படை எண் பகா எண்ணாக இருக்க முடியாது. சனி பிடிக்காத திட்டம் என்றுகூட அப்போது மேடையில் பேசினார்கள். மக்கள் விடுவார்களா? இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தார்கள். கூட்டி எட்டு வந்தால் சனி, வேண்டாம். ஏழு வந்தால் கேது, வேண்டாம். நாலு ராகு. பச்சைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, முந்நூறு இலக்கத்தையும் விரலால் கூட்டி, “இது வேணாம் தம்பி, வேற போடு” என்றார்கள். கடைசியில் அரசே இறங்கி வந்து ‘விருப்ப எண்’ என்று ஒரு விதி போட்டது. சோதனையில் தேறினால் எந்த எண்ணையும் கேட்டு வாங்கலாம்.

“ஜுலைகா, எழுது. இவங்க எண்ணை எட்டால பெருக்கு.”

“எட்டா? சனியா?”

“பெருக்கு. ஒண்ணைக் கூட்டு. வர்க்கமூலம் எடு.”

“அண்ணே, முந்நூறு இலக்க எண்ணு முழு வர்க்கமா இருக்கறதுக்கு…”

“எடுங்கறேன்ல!”

அவள் தட்டினாள். எந்திரத்துக்கு அது கண்சிமிட்டும் வேலை. எனக்கு அந்தக் கண்சிமிட்டல் நீளமாக இருந்தது. திரையில் நூற்றைம்பத்திரண்டு இலக்கத்தில் ஓர் எண் வந்தது. கீழே ஒரு வரி.

மீதி: 0.

ஜுலைகா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். “யா அல்லா! முழு வர்க்கம்! அண்ணே, முழு வர்க்கம்ணே!”

“ஒண்ணைக் கூட்டி நாலால வகு. அதான் முதல் எண்ணு. அதை ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கழி. அது ரெண்டாவது.”

இரண்டு எண்கள். ஒவ்வொன்றும் நூற்றைம்பத்தோரு இலக்கம். இரண்டையும் பெருக்கினாள். அஞ்சலாட்சியின் எண், இலக்கம் பிசகாமல் வந்து நின்றது. இரண்டுக்கும் நாற்பது சாட்சிகளைக் கூப்பிட்டாள். நாற்பதும் நல்ல பிள்ளை என்றன. சென்னையில் மூன்று வாரம் ஆகிற வேலை, மணி ஆறேகாலுக்கு முடிந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“இதெப்படிண்ணே…” ஜுலைகா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “எட்டால பெருக்கணும்னு எப்படித் தெரியும்?”

“தொண்ணூத்தொண்ணை எட்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டினா எழுநூத்து இருவத்தொம்போது. இருவத்தேழு இருவத்தேழு. ஏழு, அதை ரெட்டிச்சு ஒண்ணு கழிச்சா பதிமூணு. அந்த ஜாதி எண்ணு எல்லாத்துக்கும் இது பொருந்தும்.”

“அது சரி. இது அந்த ஜாதின்னு எப்படித் தெரியும்?”

“அப்புறம் சொல்றேன். அந்த ரெண்டு எண்ணும் யார்கிட்ட இருக்கு, பாரு.”

பதிவேட்டில் தேடினாள். இரண்டும் யாரிடமும் இல்லை. பூமியில் எழுதப்படாமல் கிடந்த எண்கள்.

“அப்ப ஒண்ண நான் எடுத்துக்கறேன்” என்றாள் அஞ்சலாட்சி. “இன்னொண்ணு?”

அங்கேதான் இடித்தது. இணை எண்ணுக்குக் கையெழுத்துப் போட இரண்டு உறுப்பினர் வேண்டும். அவள் ஒருத்தி. எந்திரத்தின் கண்ணில் அவளுக்கு இப்போது எண்ணே இல்லை என்பதால், ‘விடுபட்டோர் பதிவில்’ முதல் எண்ணை அவளுக்குப் போடலாம். இரண்டாவது எண்ணுக்கும் அதேபோல் எண் இல்லாத ஓர் ஆள் வேண்டும். ஓர் ஆளுக்கு இரண்டு எண் கிடையாது, இருக்கிற எண்ணை விடவும் முடியாது. தமிழ்நாட்டில் எண் இல்லாத ஆளுக்கு எங்கே போவது?

“எங்க ரூட்டுல, கோயில் வாசல்ல ஒரு சாமியார் இருக்காரு சார்” என்றான் சிவபிரகாசம். “துணிகூட சரியா கட்ட மாட்டாரு. அவருக்கு எண்ணு இருக்காது. நான் போயித் தூக்கியாரேன்.”

“சாமியாருக்கு எண்ணு இல்லாமலா அன்னதானத்துல சோறு போடறாங்க?” என்றாள் ஜுலைகா.

“காட்டுல இருக்கறவங்க? கப்பல்ல வர்றவங்க?”

“எல்லாருக்கும் இருக்கு. ஜெயில்ல இருக்கறவனுக்கும் இருக்கு. செத்தவனுக்கும் இருக்கு.”

நாங்கள் தேடினோம். எட்டு மணி ஆயிற்று. விடுபட்டோர் பட்டியலில் மாவட்டம் முழுவதற்கும் மூன்று பேர். ஒருவர் போன மாதம் இறந்துபோனவர். ஒருவர் இலங்கைக்குத் திரும்பிவிட்டார். மூன்றாவது பெயர் தட்டச்சுப் பிழை. ஜுலைகா நகத்தைக் கடித்தாள். கூண்டுக்கு வெளியே வரிசை வளர்ந்து, திட்டி, கலைந்து, மறுபடி வளர்ந்தது. மேலிருந்து எஸ்தர் இரண்டு முறை அழைத்தார். இரண்டாவது முறை கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அஞ்சலாட்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். உடுப்பின் முன்பக்கம் பால் நனைந்திருந்தது. கணவனின் துண்டை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:

“முப்பதாம் நாளு எங்க மாமியா கெடா வெட்டி எண்ணு வெக்கணும்னு இருந்தாங்க.”

சொல்லி முடித்ததும் தலையை நிமிர்த்தினாள்.

“சார். பாப்பாவுக்கு எண்ணு இல்ல.”

ஜுலைகா மேசையை அறைந்தாள்.

“முப்பது நாளுங்கறது பழக்கம்தான்! சட்டம் இல்ல! பொறந்த அன்னிக்கே போடலாம்!”

நான் விதித்தாளைத் திறந்தேன். பிறந்த எந்தக் குழந்தைக்கும், எப்போது வேண்டுமானாலும். முப்பது நாள்வரை தாயின் எண்ணிலேயே வைத்தியம் நடக்கும் என்பதால் யாரும் அவசரப்படுவதில்லை, அவ்வளவுதான். முதல் எண் தாய்க்கு. இரண்டாவது பிள்ளைக்கு. இரண்டும் பெருகினால் அஞ்சலாட்சி.

“இருங்க, இருங்க” என்றாள் ஜுலைகா. “பாப்பா கையெழுத்து போட முடியாது. பாதுகாவலர் போடணும். பாதுகாவலர் யாரு? அம்மா. அம்மா எண்ணு எது? இந்த ஒடஞ்ச எண்ணு. அது கையெழுத்து போடணும்னா பாப்பா போடணும். பாப்பா போடணும்னா அம்மா போடணும்… சுத்திக்கிட்டே இருக்கும்ணே! எந்திரம் மாட்டிக்கும்!”

“அப்பன் ஒருத்தன் இருக்கேன்ல!” என்றான் சிவபிரகாசம்.

அவ்வளவு நேரமும் அவனை யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை. அவனுடையது சுத்தமான பகா எண். நாற்பது சாட்சியும் கூப்பிட்டுப் பார்த்தோம்.

“ஈரலுக்குத்தான் ஆகல” என்றாள் அஞ்சலாட்சி. “கையெழுத்துக்காவது ஆவுறியே. ஓடுய்யா!”

விடுபட்டோர் பதிவு ஒன்பது மணிக்குத் திறந்தது. அஞ்சலாட்சிக்கு முதல் எண்ணைப் போட்டு, மாவட்ட அதிகாரி ஒருத்தர் இட்லி சாப்பிட்டு முடித்து விரலை வைக்க ஒன்பதே முக்கால். பாப்பாவுக்குக் கைரேகை எடுக்க முடியாது, பாதரேகைதான். அந்தக் கருவி நாலாவது மாடி பச்சிளங்குழந்தைப் பிரிவில். லிஃப்டில் கூட்டம். ஜுலைகா பலகைக் கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் ஓடினாள். பின்னால் காக்கிச் சட்டை. அதன் பின்னால், எவ்வளவு சொல்லியும் கேட்காமல், வெறுங்காலோடு அஞ்சலாட்சி.

நான் கூண்டில். மேலே பாதம் பதிந்ததும் கீழே நான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். பத்து இருபத்தெட்டுக்கு விண்ணப்பம் திரைக்கு வந்தது. ஓரத்தில் ஒரு குட்டிப் பாதம், காராமணி அளவுக்கு ஐந்து விரல்.

விருப்ப எண் படிவத்தின் அடியில் ஒரு கட்டம் உண்டு. சாதாரணமாக ‘ஜோதிடர்’ என்று போட்டுவிட்டுப் போவார்கள். இதோடு உடைந்த எண்ணின் இரண்டு பாதியும் சேர்ந்துவிட்டதால் எந்திரம் விடவில்லை. கேட்டது: காரணிகள் எப்படிக் கண்டறியப்பட்டன? கண்டறிந்தவர் பெயர், விளக்கம்.

‘தற்செயல்’ என்று போட்டேன். விளக்கம் போதாது என்றது. ‘கணினிப் பிழை’ என்றேன். பிழையின் எண் கேட்டது. மணி பத்து முப்பத்தைந்து. கைபேசியில் ஜுலைகா கத்தினாள்: “அண்ணே, என்ன பண்றீங்க? பாப்பா நீலம் பாரிக்குதுண்ணே!”

பொய் யோசிக்க நேரம் இல்லை. உண்மையைத் தட்டினேன். அது மளமளவென்று வந்தது. இருபத்தொன்பது வருடமாக மனதில் தட்டச்சு ஆகியே இருந்தது.

‘இந்த எண்ணை உண்டாக்கியவன் நான். குறிஞ்சிப்பாடி முகாம், மேசை மூன்று. தெரிந்தே பகு எண்ணைக் கொடுத்தேன். இதுபோல் அறுநூற்றுப் பன்னிரண்டு. — தனகோட்டி.’

ஏற்கப்பட்டது.

பத்து நாற்பத்தொன்றுக்குத் தாய் விரல் வைத்தாள். பத்து நாற்பத்திரண்டுக்குப் பிள்ளைக்காகத் தகப்பன் விரல் வைத்தான். இணை எண் ஒப்புதல் என்று பச்சையாக வந்தது. கைபேசியில் ஏதோ உலோகம் ‘களக்’ என்று திறக்கும் சத்தம், எஸ்தர் “உள்ள கொண்டாங்க! உள்ள!” என்று கத்தும் சத்தம், பிறகு வெறும் இரைச்சல்.

நான் கூண்டின் கதவைச் சாத்திவிட்டுக் கைதட்டினேன். தனியாக. மருந்துக் கவுன்ட்டர்காரன் எட்டிப் பார்த்தான்.

ஜுலைகா வேர்த்து ஊற்றியபடி இறங்கி வந்தாள். நேராகத் திரைக்குப் போய்ப் படிவத்தைப் படித்தாள். இரண்டு முறை படித்தாள்.

“நீங்களா?”

“நான்தான்.”

“காசு வாங்கினீங்களா?”

“இல்ல.”

“அப்புறம் எதுக்கு? ஒண்ணு வரணும்னு கேட்டாங்கன்னா, கூட்டுத்தொகை ஒண்ணு வர்ற நெஜப் பகா எண்ணு ஆயிரம் கெடைக்குமே. ஆறுக்கு ஒண்ணு அப்படித்தான வரும்?”

சரியான கேள்வி. இதற்குப் பயந்துதான் இரவுப் பணி.

“காலேஜ்ல வருகைப்பதிவு இல்லன்னு அந்த மாசம்தான் வெளிய அனுப்பினாங்க. எனக்கு இருவத்தொண்ணு வயசு. உலகத்துலயே நான்தான் புத்திசாலின்னு நெனப்பு. ஒரு எண்ணு, அதை ரெட்டிச்சு ஒண்ணு கழிச்ச எண்ணு, ரெண்டும் பகா எண்ணா இருந்தா, மொத ரெண்டு ஜோடியத் தவிர எதைப் பெருக்கினாலும் கூட்டுத்தொகை ஒண்ணுதான் வரும். ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு, பத்து, ஒண்ணு. பத்தொம்போது முப்பத்தேழு எழுநூத்து மூணு, பத்து, ஒண்ணு. எப்பவும். அதோட, சாட்சிங்க அதிகமா பொய் சொல்ற எண்ணும் இதே ஜாதிதான். ரெண்டே ரெண்டு சாட்சிய வெச்சிக்கிட்டு ஒரு எந்திரம் மனுஷனைத் தீர்மானிக்குது. அதை ஏமாத்த முடியுமான்னு பாக்கத் தோணுச்சு. முடிஞ்சுது. சனங்க வேற ‘சூரிய எண்ணு, சூரிய எண்ணு’ன்னு என் மேசைக்கு முன்னால முண்டினாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.”

“அடப்பாவி அண்ணா.”

“அப்ப அது வெறும் அரிசி எண்ணு, ஜுலைகா. தண்ணி வடியற வரைக்கும் அஞ்சு கிலோ அரிசி. பின்னாடி எல்லாத்தையும் அது மேல கட்டுவாங்கன்னு யாருக்குத் தெரியும்?”

“அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

நான் திரையில் படிவத்தை மூடினேன்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ஒண்ணாந்தேதிலேர்ந்து மாநிலம் பூரா நாப்பது சாட்சி. உங்க அறுநூத்துப் பன்னண்டு பேரும் அன்னிக்குக் காலையில மனுஷங்களா இருக்க மாட்டாங்க. சம்பளம் வராது, ஆஸ்பத்திரி சேக்காது. அதுக்கு முன்னாடி எடுத்துடலாம். எட்டால பெருக்கி ஒண்ணு கூட்டறதுதான? நான் மொத்தப் பதிவேட்டுலயும் ஓட்டறேன்.”

“குறிஞ்சிப்பாடி மட்டும் ஓட்டினா போதும்.”

“ஓட்டறதுன்னு ஆச்சு, எல்லாத்தையும் ஓட்டிடுவோம்.”

நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கடலூர் மாவட்டம்: அறுநூற்றுப் பன்னிரண்டில் நிற்க வேண்டிய எண் நிற்கவில்லை. ஆயிரத்தைத் தாண்டியது. விழுப்புரத்துக்குப் போனது. நாகப்பட்டினம், தஞ்சாவூர், திருவள்ளூர். ஜுலைகா என் தோளைப் பிடித்திருந்தாள். எண் ஓடிக்கொண்டே இருந்தது. பயமாகவும் இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. லாட்டரி முடிவு மாதிரி.

இரண்டு லட்சத்து முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில் நின்றது.

முகாமில் ஒரு சாயங்காலம், நாலாம் மேசைப் பையனுக்கு டீ குடித்துக்கொண்டே இந்த வித்தையை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பெருமைக்கு. அவன் பெயர்கூட இப்போது நினைவில்லை. அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

அறிக்கையை இருவரும் சேர்ந்து எழுதினோம். பன்னிரண்டு மணிக்கு அனுப்பினோம். ஒரு மணிக்கு என்னைப் பணியிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு மணிக்குத் தலைமையகத்திலிருந்து கூப்பிட்டு, விசாரணை முடிகிறவரை தினமும் வந்து பட்டியலைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். சம்பளம் இல்லாமல், பகலில்.

இரவு எட்டு மணிவரை கூண்டிலேயே இருந்தேன். அப்போது எஸ்தர் வந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அஞ்சலாட்சியைப் பார்க்கப் போனேன். சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாப்பா. மஞ்சள் போய்த் தோல் நிறம் தெரிந்தது. ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வயிற்றில் கட்டு.

“காலையில அழுதுச்சு சார். நர்ஸு ஓடிப் போயிட்டாங்க. அவ்ளோ சத்தம்!”

விதியைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இணை எண்ணைக் கலைக்க இப்போதைக்குச் சட்டத்தில் வழி இல்லை. வங்கி, வீடு, அவள் பெயரில் உள்ள எல்லாம் அந்தப் பழைய எண்ணில். இனி அவள் எதை வாங்கினாலும் விற்றாலும் பாப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டு வயதுவரை அப்பன். பிறகு அவளே.

“பொண்ணுங்களக் கேக்காம எந்த அம்மா என்னாத்த செஞ்சிட்டா” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கூட்டுத்தொகை பாத்தீங்களா?”

“பாத்தேன். உங்களுக்கு நாலு. பாப்பாவுக்கு ஏழு.”

முகம் சுருங்கியது. “ராகு, கேது. வெளங்குனாப்பலதான். மாமியாகிட்ட என்னான்னு சொல்லுவேன்?”

“நாலையும் ஏழையும் பெருக்கச் சொல்லுங்க.”

உதட்டை அசைத்துப் பெருக்கினாள். “இருவத்தெட்டு… ரெண்டும் எட்டும் பத்து… ஒண்ணு.” மறுபடி ஒருமுறை பெருக்கிப் பார்த்தாள். சிரித்தாள், சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், ஒண்ணு கேக்கணும். முகாம்ல எங்கப்பாவுக்கு அந்த எண்ணைக் குடுத்த ஆளு யாருன்னு பதிவுல இருக்குமா? எங்கப்பா சாவற வரைக்கும் அந்தத் தம்பி நல்லா இருக்கணும்னு கும்பிட்டாரு. எனக்கு அவனைப் பாத்து ஓங்கி ஒரு அறை விடணும்.”

“நான்தாம்மா அது.”

அவள் என்னைப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பாப்பா காலை உதைத்தது. அஞ்சலாட்சியின் வலது கை போர்வையிலிருந்து கொஞ்சம் எழுந்தது, கட்டு இழுத்தது, தாழ்ந்தது.

“தையல் பிரிக்கட்டும்” என்றாள். “கூண்டுலதான இருப்பீங்க? வந்து வெச்சிக்கறேன்.”

“வாங்க. ஆனா வரிசையில நிக்கணும். ரெண்டு லட்சம் பேர் இருக்காங்க.”

“நான் மொத ஆளு” என்றாள் அஞ்சலாட்சி. “டோக்கன் போட்டு வைங்க.”

போட்டு வைத்திருக்கிறேன்.